இரண்டாம் தவணை

நெய்வேலி நகரியத்தில் நாம் குடியேறி இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. துணைவியாரின் பணி நிமித்தமாகக் கிடைத்த வீடு இது. வாசலில் ஒரு வேப்பமரமும் கொல்லையில் ஒரு பலாவும் உண்டு. நாம் லால்பேட்டையில் ஓதி, பின்னர் அப்ஸலுல் உலமா தேர்வெழுதி, தமிழில் முதுகலையும் பெற்றவர். நாள்தோறும் வைகறைத் தொழுகை முடித்துப் பேருந்தேறி, ஒன்றரை மணி நேரத் தொலைவிலுள்ள ஒரு கல்லூரிக்குச் சென்று, அரபியும் சில வகுப்புகளுக்குத் தமிழும் கற்பித்துத் திரும்புகிறோம். அந்தக் கல்லூரியின் பெயர் இக்கட்டுரைக்குத் தேவையில்லை. அதைப் போன்றவை இந்நாட்டில் நாற்பதினாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன.

இவ்வூர் தோன்றிய கதையை வாசகர்களிற் பலர் அறிவார்கள். 1935இல் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கருமையான ஒரு பொருள் மேலே வந்தது. நிலவியலார் வந்து ஆராய்ந்து, அது பழுப்பு நிலக்கரி என்றார்கள். ஆனால் கரி இருக்கிறது என்று அறிவது வேறு, அதை எடுப்பது வேறு. படுகையின் மேலே பனைமர உயரங்கள் பலவற்றைத் தாண்டிய மண்மேடு. அடியிலோ மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும் நிலத்தடி நீர். அந்நீரை இராப்பகலாய் இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே வெடித்துவிடும். அதை ஆராய்வதற்கென்றே 1953இல் ஒரு சோதனைச் சுரங்கம் தோண்டினார்கள். 1956இல் நிறுவனம் அமைந்தது. 1957இல் பண்டித நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல்தான் கரி கண்ணிற்பட்டது. கிணறு தோண்டிய நாளிலிருந்து கணக்கிட்டால் இருபத்தாறு ஆண்டுகள். அவ்வளவும் மண்ணுக்கும் நீருக்கும் செலவான காலம்.

கல்லூரி ஆசிரியர்கள் ஆய்வு செய்யவேண்டும் என்று மேடைகளில் முழங்கக் கேட்கும்போதெல்லாம் நமக்கு அந்த மண்ணும் நீரும்தாம் நினைவுக்கு வருகின்றன. கரியைக் கேட்பவர் பலர். நீரிறைக்கும் பம்பைப் பற்றிப் பேசுவாரில்லை.

நம் சொந்த அனுபவத்தைச் சொல்கிறோம்.

பரங்கிப்பேட்டை நெய்வேலிக்கு அயலூர் போன்றதே. மஹ்மூது பந்தர் என்று பெயர்பெற்றிருந்த பழைய துறைமுகம். அங்குள்ள சில வீடுகளின் மரப்பெட்டிகளில் அரபுத்தமிழ்க் கையெழுத்துப் பிரதிகள் இருக்கின்றன என்பதை நாம் ஓதிய காலத்திலேயே கேள்விப்பட்டிருந்தோம். மஸாயில்கள், மாலைகள், வைத்தியக் குறிப்புகள், இடையிடையே கப்பற் சரக்குக் கணக்கு. எழுதியவரின் பேரன் தமிழ் படிப்பான், ஆனால் அரபு எழுத்தில் அமைந்த தமிழைக் கூட்டி வாசிக்க அவனுக்கு வராது. குர்ஆன் ஓதும் பேத்தி எழுத்தை அறிவாள். எனினும் அது தமிழென்பதே அவளுக்குத் தெரியாது. இவற்றைப் பட்டியலிட்டுப் படமெடுத்து வைக்கவேண்டும் என்ற அவாவில், 2009இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் சிறு ஆய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பித்தோம். மறு ஆண்டில் அனுமதி வந்தது. முதல் தவணையும் வந்தது. அன்று வீட்டில் பாயசம்.

ஒரு லாத்தாவின் வீட்டில் ஆறு பிரதிகள் இருந்தன. “எங்க வாப்பா கையெழுத்து, ஆலிம்சா. வெளியே கொடுத்ததில்லை. நீங்க எழுதி வெச்சுட்டுத் தந்துடணும்” என்றார். இரண்டு பிரதிகளை முழுவதும் படமெடுத்தோம். அதற்குள் முதல் தவணை தீர்ந்தது. “அடுத்த தவணை வந்ததும் மீதி நான்கையும் முடித்துவிடலாம், லாத்தா” என்று சொல்லி வந்தோம்.

அந்த அடுத்த தவணை வரவேயில்லை.

ஏன் வரவில்லை என்பதை விளக்குவது சற்றுச் சலிப்பூட்டும். ஆயினும் பொருளே அதில்தான் இருக்கிறது. முதற்பணத்தை ஒழுங்காகச் செலவிட்டோம் என்பதற்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் ஒன்று போகவேண்டும். ஆய்வாளர், கல்லூரி முதல்வர், பட்டயக் கணக்காளர் மூவரும் அதில் ஒப்பமிடவேண்டும். நாம் படக்கருவி வாங்கிய ரசீது கல்லூரியின் பெயரில் இல்லை, நம் பெயரில் இருந்தது. மூன்று கடைகளில் விலைப்புள்ளி பெற்றிருக்கவேண்டும், பெறவில்லை. மானியப் பணம் மாணவர் கட்டணம் செலுத்தும் அதே வங்கிக் கணக்கில் விழுந்திருந்தபடியால், அதற்குரிய வட்டி எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எவராலும் இயலவில்லை. கணக்காளர் ஒப்பமிட மறுத்தார். அவர்மேற் பிழையில்லை. எல்லாவற்றையும் திருத்தி எழுதி முடித்தபோது முதல்வர் ஓய்வு பெற்றுவிட்டார். புதியவர், தமக்கு முந்தைய செலவுக்குத் தாம் ஒப்பமிடுவதா என்று தயங்கினார். அவருடைய தயக்கத்தையும் நாம் குறைகூற மாட்டோம். கல்லூரியிலிருந்த கணக்கர் ஒரே ஒருவர். சம்பளப் பட்டியலும் கல்வி உதவித்தொகையும் தேர்வுக் கட்டணமும் அவர் தலையில்தான். “பாய், எனக்கு இந்தப் படிவத்தை யாரும் சொல்லிக் கொடுக்கலையே” என்றார் அந்த நல்ல மனிதர். நஹ்வும் சர்ஃபும் படித்த நமக்கு மட்டும் யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

கெடு கழிந்தது. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூர்க் கரையைக் கடந்தது. நெய்வேலியில் நம் வேப்பமரம் சாய்ந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாக மடிந்தன. பாதை திறந்த பின் பரங்கிப்பேட்டைக்குப் போனோம். லாத்தாவின் வீட்டு ஓடுகள் பறந்திருந்தன. பெட்டி நனைந்திருந்தது. மை கரைந்து தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. லாத்தா நம்மை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. தேநீர் கொடுத்தார்.

சான்றிதழ் ஒன்று காலத்தில் போயிருந்தால் அந்நான்கு பிரதிகளும் படமாகவேனும் எஞ்சியிருக்கும். பேருந்தில் திரும்பும்போது இந்த எண்ணம் நம்மை விட்டகலவில்லை. இன்றும் அகன்றதில்லை.

கற்பித்தல் மட்டுமே கல்லூரியின் தொழில் என்னும் வழக்கம் பழையது. 1857இல் சென்னையிலும் கல்கத்தாவிலும் பம்பாயிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றியபோது அவை தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்புகளே. பாடம் சொல்வது கல்லூரிகளின் வேலை. பின்னர்ப் பல்கலைக்கழகங்களுக்கு ஆய்வுத் துறைகள் வந்தன, அலுவலர்கள் வந்தார்கள். கல்லூரிக்கு வந்ததோ வகுப்புகள்தாம். இன்றும் உதவிப் பேராசிரியர் ஒருவர் வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் நேரடியாகக் கற்பிக்கவேண்டும் என்பது விதி. 1994இல் அமைந்த தேசிய மதிப்பீட்டுக் குழு ஆய்வுக்கென்று ஓர் அளவுகோல் வகுத்து மதிப்பெண் போடத் தொடங்கிய பிறகு, நிர்வாகங்கள் ஆய்வுக்கட்டுரைகளைக் கேட்கலாயின. கேட்டார்களேயன்றி, விண்ணப்பம் எழுத ஓர் உதவியாளரையோ, வாரத்தில் இரண்டு மணி நேர விடுப்பையோ கொடுத்தவர் அரிது. விளைவு என்ன? காசு கொடுத்தால் அச்சிடும் இதழ்கள் காளான்போல் முளைத்தன. அவற்றைப் பற்றி எழுதினால் ஏடு வீணாகும்.

நம் முன்னோர் இதை வேறுவிதமாக அறிந்திருந்தார்கள். 1234இல் பக்தாதில் திறக்கப்பெற்ற முஸ்தன்ஸிரிய்யா மதரஸாவின் வக்ஃபு ஏற்பாட்டில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் உதவித்தொகை இருந்ததோடு, தாளும் மையும் விளக்கெண்ணெயும் வழங்கவும் வழி செய்யப்பட்டிருந்தது. நூலகத்தைக் காப்போருக்கும் ஊதியம் உண்டு. ஆலிமின் அறிவுக்குப் பொருள் ஒதுக்கியவர், அவருடைய விளக்குக்கு எண்ணெய் யார் ஊற்றுவது என்பதையும் எண்ணிப் பார்த்தார். பரங்கிப்பேட்டையே இதற்குச் சான்று கூறும். உமறுப் புலவரைச் சீறாப்புராணம் பாடத் தூண்டியவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. வள்ளல் மறைந்தபின் அப்பணி நின்றுவிடாதபடி ஏற்று நடத்தியவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் என்பது வழிவழி வரும் செய்தி. இரண்டாம் தவணை என்பதன் அருமையை அந்த மரைக்காயர் அறிந்திருந்தார் என்று நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அமெரிக்காவிலும் இக்குறை இருந்திருக்கிறது. அங்கே மருத்துவ ஆய்வுக்குப் பணம் வழங்கும் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள், பெருமானியம் பெறாத கல்லூரிகளுக்கென்றே 1985இல் ஒரு தனி மானியத்தை ஏற்படுத்தின. மாணவர்களை ஆய்வில் ஈடுபடுத்துவது அதன் நோக்கங்களில் ஒன்று. பெரிய பல்கலைக்கழகங்களில் மானிய விண்ணப்பம், ஒப்பந்தம், கணக்கு ஆகியவற்றுக்கென்றே தனி அலுவலகம் இருக்கிறது. அதன் செலவு மானியத்தின் மேற்செலவுப் பங்கிலிருந்து வருகிறது. நம் நாட்டிலும் அரசுத் துறைகள் பல அறிவியல் திட்டங்களில் நிறுவனத்துக்கென மேற்செலவு வழங்கி வந்துள்ளன. அது பெரும்பாலும் மின்கட்டணத்தில் கரைந்துவிடும்.

2013இல் நாமும் இயற்பியல் ஆசிரியர் ஒருவரும் அந்தக் கணக்கரும் சேர்ந்து நிர்வாகத்திடம் போனோம். ஒரு மேசை, ஓர் அலமாரி, மானியத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு, கணக்கருக்கு வாரத்தில் அரைநாள். இவ்வளவே நாம் கேட்டவை. செயலாளர் நம்மினும் மூத்தவர், கல்விக்காகக் கைப்பொருள் இழந்தவர். “ஹஜ்ரத், நம்ம பிள்ளைங்க முதல் தலைமுறையா படிக்க வர்றாங்க. அவங்க கட்டுற கட்டணத்தில் ஆராய்ச்சிக்கு எழுத்தர் வைக்கிறது நியாயமா?” என்று கேட்டார். அக்கேள்வியை எளிதிற் புறந்தள்ள இயலாது. ஆய்வு என்ற பெயரில் வகுப்பறையைக் கைவிட்ட ஆசிரியர்களை நாமும் கண்டிருக்கிறோம். மாணவர் பங்குபெறாத திட்டத்துக்கு அந்த மேசை உதவாது என்று எழுதிக் கொடுத்த பிறகே அவர் இசைந்தார்.

முதல் ஆண்டில் மூன்று விண்ணப்பங்கள், மூன்றும் திரும்பின. இரண்டாம் ஆண்டில் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்ட உதவி ஒன்று கிடைத்தது. தொகை மிகச் சிறிது. நெய்வேலி அனல்மின் நிலையத்தின் உலர்சாம்பலைக் கலந்து செங்கல் அறுத்து, அதன் வலுவைச் சோதித்தார்கள் நான்கு மாணவியர். அவர்களில் ஒருத்தியின் தகப்பனார் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. வாப்பா தலையில் படிந்து வரும் சாம்பலைத் தராசில் நிறுத்துப் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை என்றாள் அப்பிள்ளை. அந்தத் திட்டத்தின் பயன்பாட்டுச் சான்றிதழ் கெடுவுக்குப் பதினொரு நாள் முன்னதாகவே போயிற்று. கணக்கர் அதன் நகலைக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டலாமா என்று கேட்டார்; விளையாட்டாகக் கேட்டாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

2023இல் நாடாளுமன்றம் அனுசந்தான் தேசிய ஆய்வு நிறுவனத்துக்கான சட்டத்தை இயற்றியது. ஐந்தாண்டுகளில் ஐம்பதாயிரம் கோடி ரூபாய் என்பது அறிவிக்கப்பட்ட இலக்கு; அதிற் பெரும்பகுதி அரசல்லாத இடங்களிலிருந்து வரவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. முன்னேறிய நிறுவனத்தை மையமாகவும் வளரும் நிறுவனங்களை அதன் ஆரக்கால்களாகவும் இணைக்கும் ஏற்பாடும் அதில் உண்டு. நல்லதே. ஆனால் ஆரக்கால் நிற்கும் முனையிலும் ஒரு கணக்கர் வேண்டும், அவருக்கு அந்தப் படிவத்தை எவராவது சொல்லித் தரவேண்டும். சொல்லித் தருவதற்கென்று வட்டாரத்துக் கல்லூரிகள் ஐந்தாறு கூடி ஒருவரை அமர்த்திக்கொள்ளலாமே என்று இரண்டாண்டுகளாகக் கடிதம் எழுதி வருகிறோம். இரண்டு கல்லூரிகள் சரியென்றிருக்கின்றன. ஒன்று, அவ்வலுவலர் எந்தக் கல்லூரியில் உட்காருவார் என்று கேட்டிருக்கிறது.

நம் கணக்கர் ஓய்வு பெற்றுவிட்டார். வியாழக்கிழமைகளில் மட்டும் ஊதியமின்றி வந்து அந்த மேசையில் அமர்கிறார். ஒட்டிப்போன நான்கு பிரதிகளில் மூன்றை, ஏடு பேணுதலில் தேர்ந்தவர் ஒருவர் பார்த்து, சில தாள்களையேனும் பிரித்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். நான்காவதற்கு அவர் வாக்குத் தரவில்லை. அதற்கான புதிய விண்ணப்பத்தைச் சென்ற மாதம் எழுதி முடித்தோம். லாத்தாவுக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. தொலைபேசியில் செய்தியைச் சொன்னதும், “எத்தனை தவணையா தருவாங்க, ஆலிம்சா?” என்று கேட்டார். இரண்டு என்றோம். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, பெட்டியை மாடிக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்.