கயிற்றால் தைத்த கப்பல்

சிங்கப்பூர் தேக்காவில் காய்கறி வாங்கிய கையோடு ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்குப் போயிருந்தேன். 1998இல் பெலித்துங் தீவருகே கண்டெடுத்த 9ஆம் நூற்றாண்டுக் கப்பலின் சீனப் பீங்கான்கள் அங்கே இருக்கின்றன. எல்லாரும் கிண்ணங்களைப் பார்க்கிறார்கள். எனக்கு அந்தக் கப்பல்தான் மனசில் நிற்கிறது. இரும்பு ஆணியே இல்லாமல், பலகைகளில் துளையிட்டுக் கயிற்றால் தைத்த கப்பல்!

அதே முறையில் ஓமானில் கட்டிய 'ஜுவல் ஆஃப் மஸ்கட்' என்ற கப்பல் 2010 பிப்ரவரியில் கிளம்பி, ஜூலையில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தது. தேங்காய்நார்க் கயிற்றால் அதைத் தைத்தவர்களில் கேரளத்துக் கைவினைஞர்களும் உண்டு. நம் சென்னைக் கடற்கரையின் மசூலா படகும் இப்படித் தைத்ததுதான். அங்கே துறைமுகம் கட்டுவதற்கு முன் ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரைசேர்த்தது அது. அலை மோதினால் தையல் வளைந்து கொடுக்கும். கயிறு நைந்தால் வெட்டி எடுத்துவிட்டு மறுபடி தைத்துக்கொள்ளலாம். அதற்குப் பெரிய பட்டறை எதுவும் வேண்டாம், மணலே போதும்.

இன்று நாகைப் பக்கம் எங்கும் ஃபைபர் படகு. அதையும் கரையிலேயே சரிசெய்கிறார்கள். விரிசலைச் சுற்றிச் சரிவாகத் தேய்த்து, கண்ணாடியிழை மேட் விரித்து, ஹார்டனர் கலந்த ரெசினைப் பூசி, அது இறுகுவதற்குள் பிரஷால் குத்திக் குத்திக் காற்றுக்குமிழை வெளியேற்ற வேண்டும். அடுக்குமாடியில் இருக்கும் எனக்கு இந்த வேலைமேல் தீராத ஆசை.

ஆனால் தேய்க்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்கு ஆகவே ஆகாது. ஊரில் உங்கள் சொந்தத்தில் யாராவது இந்த வேலை செய்தால், அடுத்த முறை போகும்போது நல்ல முகக்கவசம் நாலு வாங்கிப் போங்கள்.