தேடலுக்கும் ஓர் எல்லை



“தேடுவதில் சோர்ந்துவிடாதே” என்று பிள்ளைகளுக்கு நாம் எல்லோருமே சொல்லிக் கொடுக்கிறோம். நல்ல போதனைதான். ஆனால் தேடலை எப்போது நிறுத்த வேண்டும், நிறுத்திய பின் என்ன செய்ய வேண்டும் என்பதை நமக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஐம்பது வயதைக் கடந்த பிறகு, அயல்நாட்டுக் காடு ஒன்றில், ஒரு விளையாட்டின் வாயிலாக அதனைக் கற்க நேர்ந்தது.

2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். ஜெர்மனியின் மேற்கே ஐஃபல் எனப்படும் மலைநாட்டில் ஒரு சிற்றூர். அவ்வூர்ப் பங்குத்தந்தை விடுமுறையில் சென்றிருந்த நான்கு வாரங்களும் அவரது பொறுப்பை ஏற்று நாம் அங்கே தங்கியிருந்தோம். இரண்டாம் ஞாயிறன்று திருப்பலி முடிந்ததும், பீடச் சிறுவன் ஒருவனின் தந்தை நம்மை அணுகி, “பிற்பகலில் எங்களோடு புதையல் தேட வருகிறீர்களா, ஃபாதர்?” என்று கேட்டார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்றே எண்ணினோம். அவரோ மெய்யாகவே அழைத்திருந்தார்.

அந்த விளையாட்டுக்கு ஜியோகேச்சிங் என்று பெயர். ஒருவர் நீர் புகாத சிறு பெட்டி ஒன்றைக் காட்டிலோ பூங்காவிலோ மறைத்து வைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிடுவார். பிறர் அந்த எண்களைக் கைப்பேசியில் இட்டு, வழியறிந்து சென்று, பெட்டியைக் கண்டெடுத்து, உள்ளிருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதி, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். பொன்னும் இல்லை, மணியும் இல்லை; கண்டுவிட்டோம் என்ற மகிழ்ச்சியே அதில் புதையல்.

இதன் பிறப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. விண்ணில் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அமெரிக்க ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகளில், பொதுமக்களின் கருவிகள் சுமார் 100 மீட்டர் வரை தவறும்படி அந்நாட்டு அரசு வேண்டுமென்றே ஒரு பிழையைச் சேர்த்து வைத்திருந்தது. 2000ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் அப்பிழை நீக்கப்பட்டது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்னும் ஊருக்கு அருகே காட்டில் ஒரு கறுப்பு வாளியை மறைத்து வைத்து, அதன் இட எண்களை வெளியிட்டார். வாளியில் ஒரு குறிப்பேடும் பென்சிலும் சில புத்தகங்களும், ஓர் அவரை டின்னும்கூட இருந்தன. மூன்று நாட்களுக்குள் இருவர் அதனைக் கண்டுபிடித்துவிட்டனர். இன்று உலகெங்கும் இத்தகைய பெட்டிகள் 30 லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன.

நாம் தேடச் சென்ற பெட்டி, பீச் மரங்கள் அடர்ந்த சரிவில், சாந்தின்றிக் கற்களை அடுக்கியே எழுப்பிய பழைய மதில் ஒன்றின் அருகே இருப்பதாகக் குறிப்புச் சொல்லியது. கண்டுபிடிக்கும் கடினத்தை ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரங்களால் குறிப்பார்கள், இதற்கு நான்கு. பெட்டியின் அளவோ பழைய புகைப்படச் சுருள் டப்பாவின் அளவே. துப்பு ஒன்றும் இருந்தது. ஆனால் மறைமொழியில் இருந்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக, அதிலிருந்து 13 இடம் தள்ளியுள்ள எழுத்தை எழுதும் முறை அது. ஆங்கில அகர வரிசையில் 26 எழுத்துகள் இருப்பதால், மீண்டும் 13 இடம் தள்ளினால் பழைய சொல்லே வந்துவிடும். பதின்மூன்று வயதான அச்சிறுவன் அதனை நமக்கு விளக்கி, தாளில் எழுதியும் காட்டினான். வெளிவந்த துப்பு ஒரே சொல்: “கல்.” மதில் முழுவதும் கற்கள்; காடு முழுவதும் கற்கள்! எல்லோரும் சிரித்துவிட்டோம்.

தேடத் தொடங்கினோம். கைப்பேசி காட்டும் இடம் வெட்டவெளியிலேயே சுமார் 5 மீட்டர் தவறக்கூடும்; மரங்களின் கீழ் இன்னும் கூடும். மறைத்தவரின் கருவியும் தவறியிருக்கலாம். ஆகவே குறித்த புள்ளியைச் சுற்றிப் பத்து மீட்டராவது பார்க்க வேண்டும் என்றார் தந்தை. கணக்கிட்டால் அது 300 சதுர மீட்டருக்கும் மேல். சிறுவனின் தாய், இளைய மகளின் கால்களில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று அடிக்கடி குனிந்து பார்த்துக்கொண்டார். அக்காடுகளின் உண்ணிக்கடி லைம் என்னும் நோயைப் பரப்பக்கூடியது.

முதல் மணி நேரம் முறையாகத் தேடினோம். அடுத்த மணி நேரத்தில் முறை கெட்டது. ஒரே மரப்பொந்தில் மூன்று முறை கைவிட்டோம். ஒருவர் பார்த்த இடத்தையே மற்றவர் பார்த்தோம். உண்மையைச் சொல்வதானால், அங்கிருந்த ஐவரில் அதிகம் வெறி பிடித்தவர் நாம்தாம். மதிலடியில் முழங்காலிட்டு, இடுக்கு ஒன்றில் விரலை நுழைத்து, ஒரு கல்லை அசைத்து இழுத்தோம். மேலிருந்த மூன்று கற்கள் சரிந்து விழுந்தன. நூறாண்டுகளோ இருநூறு ஆண்டுகளோ அசையாமல் நின்ற மதில் அது.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தந்தை மட்டும் அருகே வந்து, கற்களை ஒவ்வொன்றாக எடுத்து, பொருந்தும் முகம் பார்த்துத் திரும்ப அடுக்கினார். பிறகு மகனிடம் மூன்று கேள்விகள் கேட்டார். “வட்டம் முழுவதும் பார்த்துவிட்டோமா?” பார்த்துவிட்டோம். “பார்த்த இடத்தையே மறுபடியும் பார்க்கிறோமா?” ஆம். “தேடுவதனால் எதையாவது கெடுக்கிறோமா?” சிறுவன் நம்மைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்தான். “அப்படியானால் இன்றைக்கு முடிந்தது” என்றார். “இன்னும் ஐந்தே நிமிடம், அப்பா” என்று அவன் கெஞ்சினான். நம் மனமும் அவனோடு சேர்ந்து கெஞ்சியது. ஆயினும் அவர் அசையவில்லை. பொழுது சாயும் நேரம் மான்கள் மேய வரும் நேரம், காட்டை அவற்றுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார். அக்டோபர் முதல் தேதியிலிருந்து மார்ச் இறுதி வரை, வௌவால்கள் குளிர்கால உறக்கம் கொள்ளும் குகைகளில் நுழையவே சட்டம் இடம் தராத நாடு அது.

நாம் சொல்ல வந்தது இத்துடன் முடியவில்லை. வீடு திரும்பும் வழியில் தந்தை, “பதிவு செய்துவிடு” என்றார். கண்டவர்கள் இணையத்தில் “கிடைத்தது” என்று எழுதினால் சிரித்த முகம் ஒன்று விழும். காணாதவர்கள் “கிடைக்கவில்லை” என்று எழுதினால் சோர்ந்த முகம் விழும். சிறுவனின் கணக்கில் இருநூறுக்கும் மேற்பட்ட சிரித்த முகங்கள் இருந்தன. சோர்ந்த முகம் ஒன்றுகூட இல்லை. “எழுத வேண்டாம், அப்பா. அடுத்த வாரம் வந்து கண்டுபிடித்து, கிடைத்தது என்றே எழுதிவிடுகிறேன்” என்றான்.

தந்தை அதட்டவில்லை. “பெட்டி அங்கே இருக்கிறதா இல்லையா என்பது வைத்தவருக்கு எப்படித் தெரியும்?” என்று மட்டும் கேட்டார். சிறுவன் நெடுநேரம் பேசாமல் நடந்தான். பின்பு ஒரு மரத்தடியில் நின்று எழுதி, நமக்கும் வாசித்துக் காட்டினான்: ஐந்து பேர் இரண்டு மணி நேரம் தேடினோம், கிடைக்கவில்லை, மதிலிலிருந்து சில கற்கள் விழுந்தன, திரும்ப அடுக்கிவிட்டோம். கற்களை விழச் செய்தவர் யார் என்று அவன் எழுதவில்லை. அந்த அன்பை நாம் மறக்கவில்லை.

நான்கு நாட்களுக்குப் பின் பெட்டியை வைத்தவரின் மறுமொழி வந்தது. அவர் நேரில் சென்று பார்த்தாராம். பெட்டி அங்கே இல்லை. ஏப்ரலில் ஒருவர் கண்டதே கடைசி. அதன் பிறகு யாரும் எதுவும் எழுதாததால், எல்லாம் நலமே என்று எண்ணியிருந்தார். சிறுவனின் குறிப்பைக் கண்ட பின்னரே வேறு இருவர், தாங்களும் மே மாதத்திலும் ஜூனிலும் தேடிக் காணாமல் திரும்பியதாக எழுதினார்கள். அவர்களில் ஒருவர் அன்றே எழுதியிருந்தால் நாம் வீணே தேடியிருக்க மாட்டோம், மதிலும் சரிந்திராது. மதிலுக்குத் தீங்கு நேரக்கூடாது என்று கருதி, அவர் புதிய பெட்டியை அப்பால் ஒரு மரத்தின் வேரடியில் வைத்தார்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. நம் பங்கிலுள்ள ஒரு மூதாட்டியின் நினைவு வந்து வாட்டியது.

முதியோர் உதவித்தொகைக்கு வயதுச் சான்று வேண்டித் தமது ஞானஸ்நானப் பதிவைக் கேட்டு அவர் நம்மிடம் வந்திருந்தார். பிறந்த ஆண்டு திட்டமாகத் தெரியாது. முன்னும் பின்னுமாகப் பத்து ஆண்டுகளின் பதிவேடுகளைப் புரட்டினோம். ஒன்றில் பல பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. இரண்டாம் வாரத்திலேயே, இது கிடைக்காது என்பது நமக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. “தேடிக்கொண்டிருக்கிறோம் அம்மா, அடுத்த மாதம் பாருங்கள்” என்றோம். அடுத்த மாதமும் அதையே சொன்னோம். பதினான்கு மாதங்கள் அவர் பேருந்தில் வந்து வந்து போனார். ஏழையின் நம்பிக்கையைக் கெடுக்கக் கூடாது என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம். உண்மையில் நாம் காத்தது அவருடைய நம்பிக்கையை அன்று, நம்முடைய நற்பெயரை. சிறுவன் தன் கணக்கில் சோர்ந்த முகம் விழக்கூடாது என்று அஞ்சியதற்கும் நாம் செய்ததற்கும் என்ன வேற்றுமை? அவன் ஒரு மரத்தடி வரை தயங்கினான்; நாம் பதினான்கு மாதங்கள் தயங்கினோம்.

ஊர் திரும்பிய வாரமே அவர் வீட்டுக்குச் சென்றோம். இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை தேடினோம், பதிவு கிடைக்கவில்லை என்று கையொப்பமிட்டு எழுதிய தாளைக் கொடுத்தோம். பேரன் அதை வாசித்துக் காட்டினான். அவர் சினக்கவில்லை. “இதப் போன வருசமே சொல்லியிருக்கலாமே, சாமி” என்றார். அவ்வளவே. பின்பு வேறு வழியில் சான்று தேடினார்; எட்டு மாதங்களில் உதவித்தொகை வந்தது. நாம் விழுங்கிய மாதங்களுக்கு உரிய தொகை வரவேயில்லை.

இப்போது நமது அலுவலகத்தில், பதிவு கேட்டு வருவோரின் பெயர்களுக்கென ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். அதில் கடைசிக் கட்டம், தேடி முடித்த தேதிக்குரியது. “கிடைத்தது” என்றோ “கிடைக்கவில்லை” என்றோ அதில் எழுதாமல் அடுத்த பக்கத்தைத் திருப்புவதில்லை. எழுதும்போது கை இன்னமும் சற்றே தயங்கத்தான் செய்கிறது.

மறு ஆண்டு கோடையில் அச்சிறுவனின் தந்தையிடமிருந்து நமக்கு மடல் வந்தது. மகன் மீண்டும் அந்தச் சரிவுக்குப் போய்ப் புதிய பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டானாம். அவனுடைய கணக்கில் இப்போது அந்த ஒரே பெட்டிக்குச் சோர்ந்த முகமும் சிரித்த முகமும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. “பழையதை அழித்துவிடலாமா என்று கேட்டேன், வேண்டாம், அது இருக்கட்டும் என்கிறான்” என்று முடித்திருந்தார்.