அரசு போட்ட தப்புக்கணக்கு... அடுப்படியில் விழுந்த சுமை!

இயற்கை விவசாயம் பற்றிப் பேச்செடுத்தாலே, கூட்டத்தில் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார். ‘ரசாயன உரத்தை நிறுத்திட்டா, இலங்கைக்கு வந்த கதிதானே நமக்கும்?’ கேட்பவர் குசும்புக்காகக் கேட்பதில்லை. இரண்டு, மூன்று ஏக்கரை நம்பிக் குடும்பம் நடத்துகிறவருக்கு அது வயிற்றுப் பயம். அதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும் என்றால், முதலில் வயலை விட்டுவிட்டு, அந்த நாட்டின் கஜானாவைப் பார்க்க வேண்டும்.

கஜானாவில் விழுந்த ஓட்டை

2019 நவம்பரில் கோத்தபய ராஜபக்ச இலங்கையின் ஜனாதிபதியானார். தேர்தலின்போது அவர் விவசாயிகளுக்கு இரண்டு வாக்குறுதிகள் கொடுத்திருந்தார். நெல்லுக்கு இலவச உரம் என்பது ஒன்று. பத்து ஆண்டுகளில் நாட்டை இயற்கை உரத்துக்கு மாற்றுவோம் என்பது இன்னொன்று. இரண்டிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால், பதவியேற்ற கையோடு ‘வாட்’ வரியை 15 சதவிகிதத்திலிருந்து 8 சதவிகிதமாகக் குறைத்தார்கள். கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. அரசின் வருமானம் சரிந்தது. அடுத்த சில மாதங்களில் கொரோனா வந்து, சுற்றுலா மூலம் வந்துகொண்டிருந்த டாலரும் நின்றது. பழைய வெளிநாட்டுக் கடன்களுக்குத் தவணை கட்டியாக வேண்டும். 2019 இறுதியில் சுமார் 760 கோடி டாலராக இருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பு, 2021 இறுதியில் சுமார் 310 கோடியாகக் குறைந்தது.

கையில் டாலர் இல்லாத அரசு எதை நிறுத்தலாம் என்று தேடியபோது கண்ணில் பட்டது உரம். யூரியா, பொட்டாஷ் எல்லாமே இலங்கைக்கு இறக்குமதிதான். 2021 மே மாதம் ரசாயன உரம், பூச்சிக்கொல்லி இறக்குமதிக்குத் தடை விதித்து அரசிதழ் அறிவிப்பு வந்தது. மக்களின் உடல்நலத்துக்காக என்று காரணம் சொன்னார்கள். அங்குள்ள நெல் விவசாயிகளிடையே சிறுநீரக நோய் இருப்பதும், அந்தக் கவலையும் உண்மைதான். ஆனால், உடல்நலம் மட்டுமே காரணமாக இருந்திருந்தால், தாங்களே சொன்ன பத்து ஆண்டுகளை ஒரே நாளாகச் சுருக்கியிருக்க மாட்டார்கள்.

மண்ணுக்கு அரசிதழ் படிக்கத் தெரியாது

50 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவிகிதம் தழைச்சத்து. அதாவது 23 கிலோ. தொழு உரத்தில் தழைச்சத்து ஏறக்குறைய அரை சதவிகிதம். அந்த 23 கிலோவை மாட்டு எருவிலிருந்து கொடுக்க வேண்டுமானால் நான்கரை டன்னுக்கு மேல் வேண்டும். அதிலும் எருவில் இருக்கும் சத்து யூரியாபோல ஒரு வாரத்தில் பயிருக்குப் போய்ச் சேராது. மெள்ள மெள்ளத்தான் கிடைக்கும். அதனால்தான் இயற்கைக்கு மாறிய அனுபவமுள்ள விவசாயிகள், ஒரு பட்டத்துக்குத் தக்கைப்பூண்டு, சணப்பு விதைத்து மடக்கி உழுது, உரத்தைப் படிப்படியாகக் குறைத்து, மாட்டையும் பெருக்கிக்கொண்டு, சில ஆண்டுகள் எடுத்து மாறுகிறார்கள்.

சிக்கிம் மாநிலம் முழுக்க இயற்கை வேளாண்மை என்று முடிவெடுத்தது 2003-ல். முழுமையாக மாறிவிட்டதாக அறிவித்தது 2016-ல். சிறிய மலை மாநிலம். அரிசிக்குப் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் மூட்டையை நம்பியிருக்கும் மாநிலம். அதற்கே 13 ஆண்டுகள் தேவைப்பட்டன. நெல்லே உயிராக இருக்கும் இலங்கைக்கோ, மே மாதம் அறிவிப்பு, அக்டோபரில் விதைப்பு.

இடைப்பட்ட மாதங்களில் நாடு முழுவதுக்கும் போதுமான கம்போஸ்ட்டை யாராலும் தயாரிக்க முடியவில்லை. சீனாவிலிருந்து இயற்கை உரம் ஏற்றி ஒரு கப்பல் வந்தது. மாதிரியில் தீங்கு செய்யும் பாக்டீரியா இருப்பதாக இலங்கை ஆய்வகம் சொன்னது. விற்ற நிறுவனம் மறுத்தது. உரம் கரையிறங்கவில்லை. ஆனாலும் 67 லட்சம் டாலர் கொடுத்துத்தான் அந்தத் தகராறை முடித்தார்கள். டாலரை மிச்சம் பிடிக்கப் போட்ட திட்டத்தில், வராத உரத்துக்கும் டாலர் போனது.

ஒரு குடும்பத்தின் கணக்கு

கிளிநொச்சி மாவட்டத்தில் இரணைமடுக் குளத்துப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நெல், வீட்டை ஒட்டிய மேட்டில் கொஞ்சம் வெங்காயம், மிளகாய் என்று வாழும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளலாம். பெயர் எதுவாகவும் இருக்கட்டும். அந்த மாவட்டத்தில் அப்படி எத்தனையோ குடும்பங்கள். 2009-ல் போர் முடிந்து, முகாமிலிருந்து திரும்பி, புதர் மண்டிக் கிடந்த வயலை வெட்டித் திருத்தியவர்கள். யாருடைய தயவும் இல்லாமல் மூன்று வேளை சாப்பிடுகிறோம் என்ற நிலைக்கு அப்போதுதான் வந்திருந்தார்கள்.

2021 அக்டோபரில் பெரும்போகம் தொடங்கியது. நம் ஊர் சம்பாவைப் போல வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கும் பட்டம் அது. மனைவியின் நகையை அடகு வைத்து உழவுக்கும் விதைக்கும் செலவு செய்தாகிவிட்டது. தூர் கட்டும் நேரத்தில் மேலுரம் இல்லை. அடி இலைகள் மஞ்சளடித்தன. எதிர்ப்பு வலுத்து, நவம்பர் இறுதியில் அரசு தடையைத் தளர்த்தியது. ஆனால், இறக்குமதி செய்யத் தனியாரிடமும் டாலர் இல்லை. கள்ளச்சந்தையில் கிடைத்த யூரியாவின் விலையோ சிறு விவசாயியால் நெருங்க முடியாதது. பிறகு 2022-ல் அது மூட்டை 40,000 ரூபாய்வரை போனது. அரசே மானிய விலை என்று சொல்லி விற்றபோதும் மூட்டை 10,000 ரூபாய். இலவசமாகத் தருகிறோம் என்று ஓட்டு வாங்கிய அதே உரம்தான்.

அறுவடையும் வந்தது. நாடு முழுவதும் அந்தப் பெரும்போக நெல், முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. நெல் விலை ஏறியது உண்மை. ஆனால், சாப்பாட்டுக்கு எடுத்து வைத்தது போக விற்பதற்கு மூட்டை இருந்தவனுக்குத்தானே விலையேற்றத்தால் லாபம்? அரிசியில் தன்னிறைவு பெற்றிருந்த நாடு, வெளிநாட்டு அரிசிக்குக் காத்திருந்தது.

வயலில் விழுந்த அடி அடுத்ததாக அடுப்படிக்கு வந்தது. ஒரு டாலர் சுமார் 200 ரூபாய் என்று இழுத்துப் பிடித்து வைத்திருந்த மதிப்பு, 2022 மார்ச்சில் கைவிடப்பட்டது. மே மாதத்தில் ஒரு டாலர் 360 ரூபாய். 2021-ல் 1,493 ரூபாய்க்கு வாங்கிய 12.5 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாய். அந்த வீட்டில் மறுபடி விறகு அடுப்பு எரிந்தது. பால்மா நின்று, தேநீர் வெறும் சாயமானது. 2021 டிசம்பரில் லிட்டர் 121 ரூபாயாக இருந்த டீசல், ஆறே மாதத்தில் 460 ரூபாய். அதற்கும் கேனோடு நாள் கணக்கில் வரிசை. வரிசையில் நின்றபடியே உயிரை விட்டவர்களும் உண்டு.

மேட்டு நில வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைப்பது மண்ணெண்ணெய் இன்ஜின். 2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. அதே மாதம் மின்கட்டணம் சராசரியாக 75 சதவிகிதம் ஏறியது. 2023 பிப்ரவரியில் இன்னொரு 66 சதவிகிதம். 2022 செப்டம்பர் கணக்குப்படி, கொழும்பில் உணவுப் பொருள்களின் விலை ஓர் ஆண்டில் 94.9 சதவிகிதம் உயர்ந்திருந்தது. 100 ரூபாய் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனவர், அதே பையை நிரப்ப 195 ரூபாய் கொண்டுபோக வேண்டியிருந்தது.

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நிலைமை இன்னும் மோசம். அங்கே 2021-ல் நாள் சம்பளம் 1,000 ரூபாய் என நிர்ணயித்தார்கள். பல ஆண்டுகள் போராடிப் பெற்ற தொகை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் மொத்த விலைவாசி 69.8 சதவிகிதம் ஏறியபோது, அந்த 1,000 ரூபாயின் வாங்கும் சக்தி 590 ரூபாய்க்கும் கீழே போனது. சம்பளம் உயர 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நெல் விவசாயிக்காவது குதிரில் நாலு மரக்கால் இருக்கும். கோதுமை மாவு ரொட்டியை நம்பியிருக்கும் தோட்டத் தொழிலாளிக்கு எல்லாமே கடைச் சரக்குதான்.

அந்த நாள்களில்தான் தனுஷ்கோடிக் கரையில் படகில் வந்து இறங்கினார்கள், பசிக்கும் விலைவாசிக்கும் அஞ்சிய குடும்பங்கள். 2022 மே மாதம் தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால் பவுடரும் மருந்தும் கப்பலேறின.

கடைசியில் கட்டியது யார்?

2022 ஜனவரியில், மருந்துக்கும் எரிபொருளுக்கும் டாலர் இல்லாமல் நாடு தவித்தபோது, முதிர்ந்த கடன் பத்திரத்துக்கு 50 கோடி டாலர் கட்டப்பட்டது. ஏப்ரலில், ‘இனி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது’ என்று அரசே அறிவித்தது. மக்கள் தெருவுக்கு வந்தார்கள். ஜூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டு வெளியேறிப் பதவி விலகினார். 2023 நவம்பரில், இந்தப் பொருளாதார வீழ்ச்சிக்கு ராஜபக்ச சகோதரர்களும் உயரதிகாரிகள் சிலரும் பொறுப்பு என்று இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தீர்ப்பு வந்தது. அடகு நகை வரவில்லை. நெல் விவசாயிகளுக்கு 4,000 கோடி ரூபாய் இழப்பீடு என்று 2022 ஜனவரியில் அரசு அறிவித்தது. ஆனால், அடுத்த சில மாதங்களில் அந்த ரூபாயின் டாலர் மதிப்பே ஏறக்குறைய பாதியாகிவிட்டது. ஐ.எம்.எஃப் கடனோடு நிபந்தனைகளும் வந்தன. 2019-ல் 8 சதவிகிதமாக்கிய ‘வாட்’ வரி, 2024 ஜனவரியில் 18 சதவிகிதம். வரிக் குறைப்பில் பெரிய லாபம் பார்த்தவர்கள் வேறு. இந்த வரியைச் சோப்பிலும் தீப்பெட்டியிலும் கட்டுகிறவர்கள் வேறு. உலக வங்கிக் கணக்குப்படி, 2021-ல் 100 பேரில் 13 பேராக இருந்த ஏழைகள், 2022-ல் 25 பேர்.

ஆக, இலங்கையில் இயற்கை விவசாயம் தோற்கவில்லை. அது அங்கே நடக்கவே இல்லை. நடந்தது, உரமில்லாத விவசாயம். கஜானாவின் ஓட்டையை அடைக்க விவசாயியின் வயலிலிருந்து மண் எடுத்தார்கள்.

நமக்கும் இதில் வேலை இருக்கிறது. பொட்டாஷ் உரத்துக்கு இந்தியாவும் ஏறக்குறைய முழுவதுமாக இறக்குமதியைத்தான் நம்பியிருக்கிறது. டாலர் ஏறினால் அந்தச் சூடு நம் வரப்புவரை வரும். வெளியிலிருந்து வரும் இடுபொருளை நிதானமாகக் குறைத்துக்கொள்வது நம் பாதுகாப்புக்கே நல்லது. ஆனால், எந்த அரசு எந்தத் திட்டத்தை எவ்வளவு அழகான பெயரில் கொண்டுவந்தாலும், கிராம சபையிலும் குறைதீர் கூட்டத்திலும் விவசாயிகள் மூன்று கேள்விகளைக் கேட்டாக வேண்டும். இது மண்ணுக்காக எடுத்த முடிவா, பணத்தட்டுப்பாட்டுக்காக எடுத்த முடிவா? பழையதை நிறுத்தும் முன்பு, மாற்று இடுபொருள் எங்கள் களத்துக்கு வந்து சேர்ந்துவிடுமா? விளைச்சல் குறைந்தால் அந்த நஷ்டத்தைக் கட்டப்போவது யார்?

இலங்கை விவசாயிகள் இந்தக் கேள்விகளைக் கேட்காமல் இல்லை. 2021-ல் பல ஊர்களில் வீதிக்கு வந்து, உரம் கேட்டுப் போராடினார்கள். ஆறு மாதம் கழித்துத்தான் அரசு இறங்கி வந்தது. அதற்குள் பயிர் தூர் கட்டும் பருவத்தைத் தாண்டியிருந்தது.