லேட் என்ற ஒரு சொல்

2007ஆம் ஆண்டு எங்கள் ஊரில் பெண்களுக்காக ஆங்கிலப் பேச்சு வகுப்பு ஒன்று தொடங்கினார்கள். வாரத்தில் இரண்டு நாள், அஸர் தொழுகைக்குப் பிறகு. நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தையல் மெஷினை மூடி வைத்துவிட்டு ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு போனேன். “இந்த வயசில உனக்கு என்ன கா இங்கிலீசு?” என்று பக்கத்து வீட்டு ராத்தா சிரித்தார்.

முதல் வாரத்தில் டீச்சர் சொன்னார்: “உங்களுக்குத் தெரிந்த சொல்லிலிருந்தே தொடங்குவோம். லேட். பஸ் லேட், சம்பளம் லேட் என்று தினமும் சொல்கிறோம்தானே?” கரும்பலகையில் சிறு சிறு வசனங்களை எழுதினார். ‘த பஸ் இஸ் லேட்’ என்றால் பஸ் தாமதம். ‘ஐ ஆம் லேட்’ என்றால் நான் பிந்திவிட்டேன். ‘ஐ கேம் லேட்’ என்றால் பிந்தி வந்தேன். அந்த இடத்தில் ‘லேட்லி’ என்று போடக் கூடாது, அதற்கு ‘அண்மைக் காலமாக’ என்று வேறு பொருள் என்றும் சொன்னார்.

அடுத்ததாக இரண்டு வசனங்களை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினார். ‘மை ஹஸ்பண்ட் இஸ் லேட்.’ என் கணவர் வரத் தாமதமாகிறது. ‘மை லேட் ஹஸ்பண்ட்.’ மவுத்தாகிவிட்ட என் கணவர்.

“சொல் ஒன்றுதான். இருக்கும் இடம்தான் வேறு. ‘லேட் லன்ச்’ என்றால் பிந்திய பகல் சாப்பாடு, அவ்வளவுதான். ஆனால் ஓர் ஆளின் பெயருக்கு முன்னால் ‘லேட்’ வந்தால் அவர் உயிரோடு இல்லை என்று பொருள். நாம் கலியாணக் கார்ட்டில் மர்ஹூம் என்று போடுகிறோமே, அதுதான். ‘த லேட் எம்.எச்.எம். அஷ்ரப்’ என்று பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். அவர் 2000ஆம் ஆண்டு ஹெலிகொப்டர் விபத்தில் மவுத்தானவர்.”

எல்லோரும் கொப்பியில் எழுதினார்கள். எனக்குக் கை ஓடவில்லை.

என் கணவர் மருதமுனைக் கைத்தறிச் சாரங்களை வாங்கிக் காத்தான்குடியில் விற்று வந்தவர். 1990 ஜூலையில் ஒரு காலையில் சாரன் கட்டோடு மட்டக்களப்புப் பாதையால் போனார். அந்த மாதம் அதே பாதையில், குருக்கள்மடத்தில், முஸ்லிம்களைக் கடத்திக் கொன்றது எல்லோரும் அறிந்தது. இவர் அவர்களோடு போனாரா, வேறெங்காவது போனாரா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அப்போது என் மகள் வயிற்றில் ஐந்து மாதம்.

இத்தா இருப்பதா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. “மையத்தக் காணாம எப்படிம்மா இத்தா இருக்கிற?” என்று உம்மா அழுதார். நான் இருக்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும் தகரப் பெட்டியைத் திறந்தேன். 2004 டிசம்பர் 26 கடல் எங்கள் வீட்டையும் கொண்டுபோனது. அடுத்த வருடம் வீடு கேட்டு ஆங்கிலப் படிவம் ஒன்று நிரப்பினோம். எழுதிய தம்பி, “கணவர் எங்க?” என்று கேட்டார். “அவர் இன்னும் வரல்ல தம்பி” என்றேன். அவர் ஏதோ எழுதினார், நான் ஒப்பம் வைத்தேன். இப்போது அந்தப் பிரதியை எழுத்துக்கூட்டி வாசித்தேன். என் கணவரின் பெயருக்கு முன்னால் நான்கே எழுத்து. லேட்.

அந்தத் தம்பியில் குற்றம் சொல்லமாட்டேன். பதினைந்து வருடம் வராத ஆளுக்கு வேறு என்ன எழுதுவது என்று நினைத்திருப்பார். ஆனால் என் வாயால் ஒருநாளும் சொல்லாததை என் ஒப்பத்தோடு எழுதிவிட்டாரே என்று நெஞ்சு அடைத்தது.

அடுத்த வகுப்பில் எல்லோரும் போன பிறகு டீச்சரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என் கொப்பியை வாங்கி எழுதினார்: ‘ஹீ ஹாஸ் பீன் மிஸ்ஸிங் சின்ஸ் 1990.’ 1990 முதல் அவரைக் காணவில்லை. “‘ஹீ வோஸ் மிஸ்ஸிங்’ என்று எழுதிவிடாதீங்க ராத்தா. அது முடிந்துபோன கதை மாதிரி ஆகிவிடும். ‘ஹாஸ் பீன்’ என்றால் இன்றைக்கும் காணவில்லை என்று அர்த்தம்” என்றார். அந்த வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டேன்.

2012இல் மகளின் கலியாணம் வந்தது. கார்ட் அடிக்கப் போனபோது அச்சகத்துத் தம்பி, “வாப்பாட பேருக்கு முன்னால மர்ஹூம் போடுறதா? இங்கிலீசுப் பக்கத்தில லேட் போடவா?” என்று கேட்டார். மகள் என் முகத்தைப் பார்த்தாள். “ஒண்டும் போட வேணாம் தம்பி. பேர மட்டும் போடுங்க” என்றேன். கார்ட்டைப் பார்த்துச் சிலர் கேள்வி கேட்டார்கள். மகள் ஒன்றும் கேட்கவில்லை.

சட்டமும் இந்தச் சொல்லுக்குப் பின்னால் மெதுவாகத்தான் வந்தது. 2010இல் வந்த சட்டத்தின்படி ஒரு வருடத்துக்கு மேல் காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்றார்கள். காணி மாற்றவும் வங்கிப் பணம் எடுக்கவும் பலருக்கு அது தேவைப்பட்டது. 2016இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அவர் இறந்தார் என்று எழுதாமல், காணாமற்போயிருக்கிறார் என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழையும் கேட்டுப் பெறலாம் என்றானது. காணாமற்போனோர் பற்றிய அலுவலகத்துக்கான சட்டமும் அதே வருடம்தான் வந்தது.

என்னோடு படித்த ஒரு தங்கச்சி மரணச் சான்றிதழ் எடுத்தார். பிள்ளைகளின் பெயருக்குக் காணியை மாற்ற வேண்டியிருந்தது. எடுத்த அன்று இரவெல்லாம் அழுதார். அவர் செய்தது பிழை இல்லை, நான் செய்ததும் பிழை இல்லை. அவர் அந்தச் சொல்லை வாசித்து, விளங்கி, தானே ஒப்பம் வைத்தார். நான் 2005இல் விளங்காமல் வைத்தேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

சகோதரிகளே, உங்களுக்குப் பதிலாக யாராவது படிவம் நிரப்பினால் ஒப்பம் வைக்குமுன் ஒரு தரம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் ஆளின் பெயருக்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. ‘லேட்’ என்று எழுதுவதா, ‘மிஸ்ஸிங்’ என்று எழுதுவதா என்பதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

எனக்கு இன்றைக்கும் ஆங்கிலம் சரளமாக வராது. பஸ் பிந்தினால் ‘த பஸ் இஸ் லேட்’ என்று பேரப்பிள்ளையிடம் சொல்லுவேன், அவன் சிரிப்பான். என் கணவரைப் பற்றி எழுத வேண்டி வந்தால் மட்டும் டீச்சர் தந்த அந்த வசனத்தை நானே என் கையால் எழுதுகிறேன்.