மேசை விளக்குக்குச் சுங்குடி

ஜூன் 7, சனி
பரணிலிருந்து இறக்கிய இரண்டு மேசை விளக்குகளில் மரக்கடைசல் விளக்கை முதலில் எடுத்தேன். கட்டையில் விரிசல் இல்லை. வயர்தான் மோசம், வளைத்தால் மேலுறை பொடியாக உதிர்கிறது. இதை டேப் சுற்றி ஓட்டக்கூடாது. பெயின்டும் துணியும் அப்புறம், வயரிங்தான் முதல் வேலை. தெருமுனை எலக்ட்ரீஷியன் தம்பி வயர், பிளக், ஹோல்டர் மூன்றையும் மாற்றிக் கொடுத்தார்.

ஜூன் 8, ஞாயிறு
120 நம்பர் உப்புத்தாளால் மர ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்து வார்னிஷ் பளபளப்பை எடுத்தேன். பிறகு 220. துடைத்துக் காயவிட்டு வுட் பிரைமர். ஷேடின் இரும்பு வளையங்களில் துரு. சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்தாயிற்று. விட்டுவைத்தால் மழைக்காலத்தில் துணியில் கறை ஏறும்.

ஜூன் 9, திங்கள்
பாட்டில் பச்சை எனாமல், முதல் பூச்சு. மெல்லிசாகத்தான் அடிக்கவேண்டும், இல்லாவிட்டால் கடைசல் பள்ளங்களில் தேங்கி வழியும். இரண்டாவது நாளைக்கு.

ஜூன் 11, புதன்
அம்மா கட்டிக் கிழிந்த சுங்குடிச் சேலைகள் இரண்டை எடுத்து வைத்திருந்தார். ஒன்று அரக்கு, ஒன்று மாம்பழ மஞ்சள். "அரக்கைப் போடுடி, அதுதான் எடுப்பா இருக்கும்" என்றார். பகல் வெளிச்சத்தில் அது உண்மைதான். ஆனால் ஷேடுத் துணியை எரியும் பல்புக்கு முன்னால் பிடித்துப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். அரக்கு வெளிச்சத்தை விழுங்கிக் கருத்துப்போனது. மஞ்சளைப் பிடித்ததும் அம்மாவே "அட!" என்றார். சாயம் ஏறாமலிருக்க நூலால் முடிச்சுப் போட்ட இடங்கள்தானே சுங்குடியின் வெள்ளைப் புள்ளிகள்? அங்கே வெளிச்சம் கூடுதலாகக் கசிகிறது. கைமுடிச்சு என்பதால் ஒரு புள்ளி போல் இன்னொன்று இல்லை. சில வட்டம், சில நெளிசல், நடுவில் சாயத்தின் சின்ன மச்சம். மடித்து வைத்த சேலையில் இதையெல்லாம் நான் பார்த்ததே இல்லை.

ஜூன் 12, வியாழன்
பழைய ஷேடின் உள்தாளைப் பிரித்து விரித்தால் பிறை மாதிரி வளைகிறது. மேலே குறுகி, கீழே அகன்ற ஷேடு அல்லவா! அதே அளவில் வெள்ளைச் சார்ட் வெட்டி, துணியை அரை அங்குலம் கூடுதலாக விட்டு, ஃபெவிகாலை மெல்லிசாகத் தடவி, நடுவிலிருந்து வெளியே நீவி ஒட்டினேன். பிறையின் நடுவில் புள்ளி வரிசை நேராக நிற்கும், ஓரங்களுக்குப் போகப்போகச் சாயும். ஆகவே நடுப்பகுதி முன்னால், ஒட்டு சுவர்ப்பக்கம். கீழ் விளிம்புக்கு அரக்குச் சேலையில் ஒரு பட்டை. அதை கிராஸ் பீஸாக வெட்டினால்தான் வளைவில் சுருக்கமில்லாமல் படியும். அம்மாவுக்கு அதில் ஏகத் திருப்தி.

ஜூன் 14, சனி
7 வாட் எல்.இ.டி., மஞ்சள் ஒளி. பழைய ஷேடுத் துணியின் மேல்விளிம்பு பழுப்பேறியதற்குக் குண்டு பல்பின் சூடுதான் காரணம். இனி அந்தக் கவலை இல்லை. அடுத்து பீங்கான் விளக்கு. வழுவழுப்பு போகத் தேய்க்காமல் அதில் பெயின்ட் பிடிக்காது. நாளைக்கு உப்புத்தாள் வாங்கவேண்டும்.