அநியாய அபராதமும் அமைதியான வழியும்

லாரி பழுதாகி வழியில் நின்றதால், அறந்தாங்கியில் கடை நடத்தும் என் மைத்துனரின் சரக்கிற்குரிய இ-வே பில் காலாவதியாகிவிட்டது, அபராதம் விதித்தனர். "கட்டிவிட்டால் தொல்லை தீரும் மச்சான்" என்றார். அவருக்கு நான் எடுத்துரைத்த வழக்கை உங்களுக்கும் கூறுகிறேன்.

2020 ஜனவரியில் ஹைதராபாத் சத்யம் சிவம் பேப்பர்ஸ் நிறுவனத்தின் காகித வண்டி, அரசியல் ஊர்வலத்தால் சாலை அடைபட்டுத் தாமதமாயிற்று. இதே காரணம் காட்டி வரியும் அபராதமுமாக 69,000 ரூபாய் வசூலிக்கப்பட்டது. நிறுவனம் பணத்தைக் கட்டிவிட்டு வாளாவிருக்கவில்லை. தெலங்கானா உயர் நீதிமன்றத்தை நாடியது. வரி ஏய்க்கும் நோக்கம் இல்லையெனக் கண்ட நீதிமன்றம், 2021இல் அத்தொகையைத் திருப்பியளிக்கவும், வழக்குச் செலவாக 10,000 ரூபாய் தரவும் ஆணையிட்டது. மேல்முறையீட்டிற்குச் சென்ற வரித்துறைக்கு, 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மேலும் 59,000 ரூபாய் விதித்தது.

எல்லோரும் நீதிமன்றப் படியேற வேண்டுவதில்லை. பணம் கட்டினாலும் எழுத்து மூலமான ஆணையைக் கேட்டுப் பெறுங்கள். ஜிஎஸ்டி சட்டத்தின் 107ஆம் பிரிவின்படி, அது கிடைத்த மூன்று மாதங்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தாமதம் நேர்ந்தால், காலக்கெடுவிற்கு முன்னும் பின்னும் 8 மணி நேரத்திற்குள் இ-வே பில்லை நீட்டிக்கவும் இயலும். பழுதுபார்த்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அரசுக்குரியதைக் குறைவின்றிச் செலுத்துவது நம் கடமை. அநியாயமாகக் கேட்கப்படுவதை முறைப்படி மறுப்பது நம் உரிமை.