ஈரச் சுண்ணமும் தயங்கும் கையும்

தூரிகை பிடிக்கும் பழக்கம் நமக்குக் குருமட நாள்களிலேயே தொற்றிக்கொண்டது. இத்தனை ஆண்டுகள் சென்றும் வெள்ளைத் தாளின் முன் கை சற்றே தயங்குகிறது. முதற்கோடு தவறிவிடுமோ என்னும் அச்சம் இன்றளவும் அகலவில்லை. கவிதை எழுதுவோரும் பாடுவோரும் மறையுரை ஆற்றுவோரும் இவ்வச்சத்தை அறிவர்.

அவ்வேளைகளில் நாம் நினைத்துக்கொள்பவர் மைக்கேல் ஆஞ்சலோ. 1508ஆம் ஆண்டு, சிஸ்டைன் சிற்றாலய விதானத்தைத் தீட்டும் பணியைத் திருத்தந்தை இரண்டாம் ஜூலியஸ் அவரிடம் ஒப்படைத்தார். அப்போது அவருக்கு வயது 33. கல்லைச் செதுக்குவதே தம் தொழில் எனக் கருதியவர் அவர். விதானமோ சுமார் 40 மீட்டர் நீளமும் 13 மீட்டர் அகலமும் கொண்டது. தரையிலிருந்து ஏறத்தாழ 20 மீட்டர் உயரத்தில் இருப்பது.

ஈரச் சுண்ணப் பூச்சில் தீட்டுவது தயக்கத்திற்கு இடந்தராத கலை. அன்றன்று முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டுமே பூச்சு பூசுவர். அது உலர்வதற்குள் வண்ணம் ஏறினால்தான் நிறம் சுண்ணத்தோடு ஒன்றாகும். பெரும்பிழை நேர்ந்தால் கொத்தியெடுத்துவிட்டு மீண்டும் பூச வேண்டும். பணியின் தொடக்கத்திலேயே பூச்சில் பூஞ்சணம் படர்ந்தது. தாம் ஓவியர் அல்லர் என்று திருத்தந்தையிடம் சொல்லி அவர் விலகப் பார்த்ததாக, அக்காலத்திலேயே அவர் வரலாற்றை எழுதிய கொந்தீவி குறிப்பிடுகிறார். பூச்சில் நீர் மிகுந்ததே காரணம் என்பது தெளிந்தபின் பணி தொடர்ந்தது.

அவர் அச்சம் நீங்கும்வரை காத்திருந்து தொடங்கியவர் அல்லர். தொடங்கியபின், நாளுக்கு நாள் அவர் கை துணிவு பெற்றது. இதற்கு விதானமே சான்று. முதலில் தீட்டியவற்றுள் ஒன்றான நோவா காலத்து வெள்ளப்பெருக்கில் சிறுசிறு உருவங்கள் நெருங்கிக் கிடக்கின்றன. 1511இல் முதற்பகுதி திறந்துவைக்கப்பட்டது. அதன்பின் தீட்டிய காட்சிகளில் உருவங்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெரிதாயின. இறைவன் ஒளியை இருளினின்று பிரிக்கும் காட்சியை அவர் ஒரே நாளின் பூச்சில் முடித்தார். 1512இல் முழு விதானமும் நிறைவுற்றது.

தாலந்து உவமையின் மூன்றாம் ஊழியன் திருடவில்லை, பணத்தை இழக்கவுமில்லை. அஞ்சி மண்ணில் புதைத்தான், அதற்காகவே கண்டிக்கப்பட்டான். எழுதிய கவிதையைப் பெட்டியில் பூட்டிவைத்திருக்கும் இளைஞரையும், நல்ல குரலிருந்தும் பாடற்குழுவில் சேரத் தயங்கும் தாயையும் நம் பங்குகளில் காண்கிறோம். அன்பர்களே, நமக்குத் தரப்பட்ட நாளும் ஈரப் பூச்சே. உலர்வதற்குள் தீட்டத் தொடங்குவோம்.